கடினமான ஹெட்போனுக்கு டிஏசியும் ஆம்ப்ளிஃபையரும் தேர்ந்தெடுப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

உயர்தர ஹெட்போன் ஒன்றை வாங்கிக் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ செருகியதும், ஒலியளவை முழுவதும் உயர்த்திய பிறகும் இசை மெலிந்தே கேட்டால், அடுத்து எல்லோரும் தேடத் தொடங்குவது டிஏசியும் ஆம்ப்ளிஃபையரும்தான். அந்தத் தேடலில் நானும் நெடுநாள் அலைந்தேன். யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு கருவியின் பெயர் பதிலாகக் கிடைத்தது. என் ஹெட்போனுக்கு எத்தனை வோல்ட் வேண்டும், எத்தனை மில்லியாம்பியர் வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு எண்களையும் கணக்கிட்டுக் கையில் வைத்துக்கொண்ட பிறகு, அதுவரை குழப்பிய கருவிகளில் பெரும்பாலானவை தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிட்டன. அந்தக் கணக்கை முதலில் போடவும், அதன் பிறகே பணத்தை எடுக்கவும் உங்களுக்கு உதவுவதற்காக இதை எழுதுகிறேன்.

டிஏசி என்பது எண்வடிவில் உள்ள இசையை மின்னலையாக மாற்றும் பகுதி. ஆம்ப்ளிஃபையர் அந்த மின்னலையை ஹெட்போனின் சுருளை அசைக்கும் அளவுக்கு வலுவாக்கும் பகுதி. கைப்பேசி, மடிக்கணினி, யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன டாங்கிள் எல்லாவற்றிலும் இவ்விரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே இவை வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதைவிட, இருப்பவை உங்கள் ஹெட்போனுக்குப் போதுமா என்று கேட்பதே பொருத்தம்.

1. ஹெட்போனின் விவரத் தாளை எடுத்து வையுங்கள்

விற்பனைப் பக்கத்தில் உள்ள சுருக்கத்தை நம்பாமல், தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டையோ விவரத் தாளையோ பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஓமில் தரப்படும் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு. மற்றொன்று டெசிபலில் தரப்படும் உணர்திறன்.

உணர்திறன் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைக் கவனிக்காமல் விடுவதுதான் மிகப் பரவலான பொறி. சிலர் 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் வரும் என்று குறிப்பிடுகிறார்கள்; சிலர் 1 வோல்ட் கொடுத்தால் எத்தனை டெசிபல் வரும் என்று குறிப்பிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகள். ஏகேஜி கே702 ஹெட்போனின் இம்பீடன்ஸ் 62 ஓம், உணர்திறன் வோல்ட்டுக்கு 105 டெசிபல். இதையே மில்லிவாட் கணக்கில் சொன்னால் 93 டெசிபல்தான். 105 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் அதை எளிதில் இயங்கும் ஹெட்போன் என்று முடிவு செய்துவிடுவார். 93ஐப் பார்ப்பவர் எச்சரிக்கையாக இருப்பார்.

ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிது. மில்லிவாட் கணக்கில் உள்ள எண்ணுடன் 32 ஓம் ஹெட்போனுக்கு 15, 50 ஓமுக்கு 13, 300 ஓமுக்கு 5, 600 ஓமுக்கு 2 டெசிபல் கூட்டினால் வோல்ட் கணக்கில் உள்ள எண் கிடைத்துவிடும். 1000 ஓமில் இரண்டும் சமம். அலகே குறிப்பிடப்படாவிட்டால், சார்பற்ற அளவீட்டு ஆய்வு ஏதேனும் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வோல்ட் கணக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எடுத்தால் தேவை சற்று மிகையாகத் தெரியுமே தவிர, குறைவாகத் தெரிந்து ஏமாற்றாது.

மாதிரியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் இம்பீடன்ஸ் வேறுபடலாம். பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 880, டிடி 990 ஆகியவை 32, 250, 600 ஓம் என்று வெவ்வேறு வகைகளில் வந்திருக்கின்றன. பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டாக்ஸ் போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கணக்குகள் பொருந்தா. அவற்றுக்குப் பெரும்பாலும் 580 வோல்ட் பயாஸ், அதாவது நிலையான உயர் மின்னழுத்தம், தரும் தனிவகைக் கருவி வேண்டும். சாதாரண ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் அவற்றை இணைக்கவே முடியாது.

2. உங்களுக்குத் தேவையான வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் கணக்கிடுங்கள்

முதலில் ஓர் இலக்கு வேண்டும். இசையின் உச்சக் கணங்களில் 110 டெசிபல் வரை சிதைவின்றி எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வது நியாயமான இலக்கு. இதைக் கேட்கும் சராசரி ஒலியளவு என்று எண்ணிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பு அளவு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். சராசரியாக அந்த அளவிலோ அதற்குக் கீழோ கேட்டாலும், சிம்பொனி இசையிலும் தாள வாத்தியங்களின் அடியிலும் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபலுக்கு மேல் எழும்பக்கூடும். அந்தக் கணங்களுக்காகத்தான் 110 வரை இடம் விடுகிறோம்.

கணக்குக்கு இரண்டு விதிகள் போதும். திறனைப் பொறுத்தவரை, ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஏறக்குறைய இரு மடங்கு தேவைப்படும். மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை, 20 டெசிபலுக்குப் பத்து மடங்கு, 6 டெசிபலுக்கு இரு மடங்கு. வாட்டில் உள்ள திறனை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர்.

மூன்று ஹெட்போன்களை வைத்துப் பார்ப்போம். சென்ஹைசர் எச்டி 650 என்பது 300 ஓம், வோல்ட்டுக்கு 103 டெசிபல். 110ஐ எட்ட இன்னும் 7 டெசிபல் வேண்டும். அதாவது ஏறத்தாழ 2.2 வோல்ட், 17 மில்லிவாட், 7.5 மில்லியாம்பியர். பேயர்டைனமிக் டிடி 880இன் 600 ஓம் வகைக்கு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 14 டெசிபல் குறைகிறது, ஆகவே 25 மில்லிவாட், 3.9 வோல்ட், 6.5 மில்லியாம்பியர். மூன்றாவதாக, ஹைஃபைமேன் எச்ஈ-6 என்ற பிளேனார் (தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை) ஹெட்போன் 50 ஓம், மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். 26.5 டெசிபல் குறைவதால் அது கேட்பது ஏறக்குறைய 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லியாம்பியர்.

இந்த மூன்று வரிகளையும் நிதானமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓம் அதிகமாக இருந்தால் இயக்குவது கடினம் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் மூன்றிலும் மிகக் குறைந்த ஓம் கொண்டதே மிக அதிகத் திறனையும், மற்றவற்றைப் போலப் பத்து மடங்குக்கு மேல் மின்னோட்டத்தையும் கேட்கிறது. 600 ஓம் ஹெட்போனுக்கு வேண்டியது மின்னழுத்தம். மின்னோட்டம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உணர்திறன் குறைந்த பிளேனாருக்கு இரண்டும் வேண்டும். எந்த ஆம்ப்ளிஃபையர் பொருந்தும் என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

இங்கே பலரும் மறக்கும் ஒன்று உண்டு: ஈக்வலைசர், அதாவது பாஸ் போன்ற பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டவோ குறைக்கவோ உதவும் வசதி. திறந்த அமைப்புள்ள ஹெட்போன்களில் ஆழ்ந்த பாஸ் சற்றுக் குறைவாக இருப்பதால், அதை 6 டெசிபல் வரை உயர்த்திக் கேட்பவர்கள் ஏராளம். அப்படி உயர்த்தும்போது எண்வடிவ அலை உச்சவரம்பை மீறாமலிருக்க மொத்த ஒலியளவையும் 6 டெசிபல் குறைக்க வேண்டும். குறைத்ததை ஈடுகட்டும் பொறுப்பு ஆம்ப்ளிஃபையர் மேல் விழுகிறது. 6 டெசிபல் என்பது இரு மடங்கு வோல்ட், நான்கு மடங்கு திறன். எச்டி 650க்கு இது 4.5 வோல்ட், 67 மில்லிவாட் என்று ஆகிறது, இன்னும் சமாளிக்கக்கூடியதே. எச்ஈ-6க்கோ 1.8 வாட், 9.5 வோல்ட், 190 மில்லியாம்பியர். ஈக்வலைசர் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்; பிறகு சேர்த்தால் ஆம்ப்ளிஃபையரை மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும்.

3. கையில் இருக்கும் கருவியை முதலில் அளந்து பாருங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும், ஹெட்போன் துளையில் செருகி மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பிளக்குகளாகப் பிரியும் கேபிள் ஒன்றும் போதும். மீட்டரின் முனைகளைத் துளைக்குள் நேரடியாக விடாதீர்கள். இடம், வலம், தரை ஆகிய தொடுமுனைகள் நெருக்கமாக இருப்பதால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிடும். ஆர்சிஏ பிளக்கின் நடு ஊசியையும் வெளிவளையத்தையும் தொட்டு அளப்பது பாதுகாப்பானது.

உங்களிடம் உள்ளவற்றில் மிகக் குறைந்த சத்தத்தில் பதிவான இசையைப் போட்டு, நீங்கள் எப்போதாவது வைக்கக்கூடிய அதிகபட்ச ஒலியளவுக்கு உயர்த்துங்கள். அந்த நிலையை மாற்றாமல் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முழு அளவில் பதிவான 60 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை ஒலிக்கச் செய்து, மீட்டரை மாறுமின்னழுத்த நிலையில் வைத்து அளவிடுங்கள். மலிவான மீட்டர்களும் 50, 60 ஹெர்ட்ஸில் சரியாகவே காட்டும். அந்த எண்தான் உங்கள் காதுக்கு உண்மையில் தேவைப்படும் உச்ச மின்னழுத்தம். ஹெட்போன் செருகியிருக்கும்போது இந்தச் சோதனை அலையை ஒருபோதும் ஒலிக்கவிடாதீர்கள். காதுக்கும் ஹெட்போனுக்கும் கேடு.

ஒலியளவை முழுவதும் உயர்த்தாமலேயே மனம் நிறைந்துவிட்டது, ஒலியில் கரகரப்பும் இல்லை என்றால், உங்களுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை. முழுவதும் உயர்த்தியும் போதவில்லை என்றால், குறைந்தபட்சம் மீட்டர் காட்டியதைப் போல இரு மடங்கு வோல்ட் தரும் கருவியைத் தேட வேண்டும். அதற்கும் குறைவான முன்னேற்றம் காதுக்குப் பெரிதாகத் தெரியாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சில கருவிகள் செருகப்பட்ட ஹெட்போனின் இம்பீடன்ஸை உணர்ந்து வெளியீட்டை மாற்றிக்கொள்கின்றன. 2021 முதல் வந்த மேக்புக் ப்ரோ கணினிகள் 150 ஓமுக்குக் குறைவான ஹெட்போனுக்கு 1.25 வோல்ட் வரையும், 150 முதல் 1000 ஓம் வரையுள்ள ஹெட்போனுக்கு 3 வோல்ட் வரையும் தருகின்றன. இத்தகைய கருவியை வெறுமனே அளந்தால் எண் தவறாக வரும். ஹெட்போனுக்குச் சமமான ஓம் கொண்ட மின்தடைகளை இரு பக்கமும் இணைத்து அளக்க வேண்டும். எச்டி 650 வைத்திருப்பவருக்கு 2.2 வோல்ட் போதும் என்று மேலே பார்த்தோம். அவரிடம் இந்தக் கணினி இருந்தால் ஈக்வலைசர் இல்லாத வரை செலவே வேண்டியதில்லை.

4. ஆம்ப்ளிஃபையரின் விவரத் தாளைப் படியுங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்ட வாட் எண் எந்த ஓமில் அளக்கப்பட்டது என்பதே முதல் கேள்வி. பெரும்பாலும் 32 ஓமிலும் சில நேரங்களில் 16 ஓமிலும் அளந்த எண்ணையே விளம்பரத்தில் காட்டுவார்கள், ஏனெனில் அங்கேதான் எண் பெரிதாக வரும். 32 ஓமில் 2 வாட் என்றால் 8 வோல்ட். அதே 8 வோல்ட் 300 ஓமில் 213 மில்லிவாட்தான் தரும். அது எச்டி 650க்குத் தாராளம் என்பது வேறு. ஆனால் 2 வாட் கிடைக்கிறது என்று நினைத்து வாங்கக் கூடாது.

எதிர்த்திசையில் இந்தக் கணக்கைப் போடவே கூடாது. 300 ஓமில் 100 மில்லிவாட் தரும் கருவிக்கு 5.5 வோல்ட் உண்டு, 18 மில்லியாம்பியர் உண்டு என்பதுதான் அந்த எண்ணிலிருந்து உறுதியாகத் தெரிவது. எச்ஈ-6 கேட்கும் 95 மில்லியாம்பியரை அது தருமா என்பதை 50 ஓமுக்கு அருகில் அளந்த எண் மட்டுமே சொல்லும். வெற்றிடக் குழாயில் இயங்கும், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகைக் கருவிகளில் இந்தப் பொறி மிக ஆழமானது. 300, 600 ஓம் ஹெட்போன்களை அழகாக இயக்கும் ஒரு கருவி, 50 ஓம் பிளேனாரைச் செருகியதும் திணறிவிடும்.

இரண்டாவது கேள்வி, அந்த வாட் எண் எத்தனை சதவீதச் சிதைவில் அளக்கப்பட்டது என்பது. 0.1 சதவீதத்திலோ அதற்குக் கீழோ அளந்திருந்தால் நம்பலாம். 10 சதவீதத்தில் அளந்திருந்தால், ஒலி ஏற்கெனவே உடைந்துபோன நிலையின் எண் அது. இரண்டு பக்கங்களையும் சேர்த்த எண்ணா, ஒரு பக்கத்துக்கான எண்ணா என்பதையும் பாருங்கள். பேலன்ஸ்டு துளையில் (இடம், வலம் இரண்டின் எதிர்முனைகளையும் தனித்தனியாக இயக்கும் துளை) கிடைப்பதா, சாதாரணத் துளையில் கிடைப்பதா என்பதையும் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தப்போவது சாதாரணத் துளை என்றால் பெட்டியின் மேலுள்ள எண் உங்களுக்கானது அல்ல. இந்த விவரங்களைத் தராத தயாரிப்பாளரின் கருவியைச் சார்பற்ற ஆய்வாளர் யாரேனும் அளந்திருக்கிறாரா என்று தேடுங்கள். திறனும் சிதைவும் சேர்ந்த வளைகோடு ஒன்று, உங்கள் ஹெட்போனுக்கு நெருக்கமான ஓமில் கிடைத்தால், கருவியின் ஒலியை வருணிக்கும் எத்தனையோ பத்திகளைவிட அது பயன் தரும்.

யுஎஸ்பி இணைப்பிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கும் கருவிகளுக்கு இயற்கையான எல்லை ஒன்று உண்டு. யுஎஸ்பி 2.0 துளையில் 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர், அதாவது மொத்தமே 2.5 வாட்தான் கிடைக்கும். அதில் கருவியின் சொந்தச் செலவு போக மீதியை இரண்டு பக்கங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். எச்டி 650 வகைக்கு இது போதும். ஈக்வலைசருடன் எச்ஈ-6 இயக்க வேண்டுமென்றால் சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவிதான் வழி.

ஒலியளவுக் குமிழின் நிலையை வைத்துத் திறனை மதிப்பிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். பாதிக்கும் கீழே வைத்தாலே போதுமான சத்தம் வருகிறது, இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது என்று பலர் மகிழ்கிறார்கள். குமிழ் எங்கே நிற்கிறது என்பது கெயின் அமைப்பை, அதாவது உள்ளே வரும் அலையைக் கருவி எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதைப் பொறுத்தது. அதிகக் கெயினில் பாதித் திருப்பத்திலேயே கருவி தன் எல்லையைத் தொட்டு அலையின் தலையை வெட்டத் தொடங்கிவிடலாம். குறைந்த கெயினில் தொடங்கி, போதாதபோது மட்டும் உயர்த்துவது நல்லது.

5. வெளியீட்டு இம்பீடன்ஸைப் பாருங்கள்

ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸ், ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. இன்றைய டிரான்சிஸ்டர் கருவிகளில் பெரும்பாலானவை 1 ஓமுக்கும் கீழே இருப்பதால் அங்கே கவலை இல்லை. ஓடிஎல் கருவிகளிலும், பழைய ஸ்டீரியோ கருவிகளின் ஹெட்போன் துளைகளிலும் இது 100 ஓமைத் தாண்டக்கூடும்.

விளைவு என்ன என்றால், எச்டி 650 போன்ற டைனமிக் ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓமாக நிற்பதில்லை. பாஸ் பகுதியில் 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. 120 ஓம் வெளியீட்டுள்ள கருவியில் அந்தப் பாஸ் பகுதி ஏறத்தாழ 1 டெசிபல் கூடிக் கேட்கும். இது சிலருக்குப் பிடிக்கும், அதில் தவறில்லை. ஆனால் அது குழாயின் மாயம் அல்ல, மின்னழுத்தம் பங்கிடப்படும் விதம்; அதே மாற்றத்தை ஈக்வலைசரில் செலவின்றிப் பெறலாம். பிளேனார் ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய சமமாகவே இருப்பதால் அவற்றில் தொனி மாறாது. திறன் மட்டும் வீணாகும்.

6. பேலன்ஸ்டு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

பேலன்ஸ்டு வெளியீட்டின் உண்மையான பயன், அதே கருவியில் ஏறக்குறைய இரு மடங்கு மின்னழுத்தம் கிடைப்பது. சாதாரணத் துளையில் 2 வோல்ட்டும் பேலன்ஸ்டு துளையில் 4 வோல்ட்டும் தரும் டாங்கிள்கள் பல உண்டு. 300 ஓமும் அதற்கு மேலும் உள்ள ஹெட்போனுக்கு இது பொருள் உள்ள வேறுபாடு. சாதாரணத் துளையே தேவையைத் தாண்டித் தருகிறது என்றால், பேலன்ஸ்டு கேபிளுக்குச் செலவிட வேண்டியதில்லை.

இங்கே கருவியையே எரித்துவிடக்கூடிய பொறி ஒன்று இருக்கிறது. பேலன்ஸ்டு துளையில் அடாப்டர் செருகி, அதில் சாதாரண 3.5 அல்லது 6.35 மில்லிமீட்டர் பிளக் உள்ள ஹெட்போனை இணைக்கவே கூடாது. சாதாரணப் பிளக்கில் இடம், வலம் இரண்டின் எதிர்முனைகளும் ஒன்றாக இணைந்திருக்கும். பேலன்ஸ்டு கருவியில் அந்த இரு முனைகளும் தனித்தனியாக இயக்கப்படுபவை. இரண்டையும் இணைத்தால் குறுக்குச் சுற்றுதான். இதற்கு நேர்மாறானது, அதாவது 4.4 மில்லிமீட்டர் அல்லது 4 ஊசி எக்ஸ்எல்ஆர் முனையுள்ள ஹெட்போனை அடாப்டர் வழியே சாதாரணத் துளையில் இணைப்பது, முற்றிலும் பாதுகாப்பானது. ஆகவே ஹெட்போன் கேபிளைப் புதிதாக வாங்குவதாக இருந்தால் பேலன்ஸ்டு முனையுடன் வாங்கி, சாதாரணத் துளைக்கு ஓர் அடாப்டர் வைத்துக்கொள்வது சிக்கனம்.

எச்ஈ-6 போன்றவற்றை ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரின் முனைகளில் இணைப்பவர்களும் உண்டு. பல கிளாஸ் டி கருவிகளிலும் பிரிட்ஜ் முறையில் இயங்கும் கருவிகளிலும் எதிர்முனைகள் பொதுவானவை அல்ல என்பதால், அங்கேயும் நான்கு கம்பிகளும் தனித்தனியாக உள்ள கேபிள் கட்டாயம்.

7. டிஏசியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே முடிக்கிறேன், ஏனெனில் புதியவர்கள் தேவைக்கு மிஞ்சிப் பணத்தைக் கொட்டுவது இங்கேதான். 16 பிட் பதிவின் இயங்கு வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். நன்கு வடிவமைக்கப்பட்ட விலை குறைந்த டிஏசிகளே இன்று அதைத் தாண்டிவிடுகின்றன. உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் தரத்தை உறுதி செய்வதில்லை. அதே சிப்பை வைத்து நல்ல கருவியும் செய்யலாம், மோசமான கருவியும் செய்யலாம்.

கடினமான ஹெட்போனில் இரைச்சல் மிகச் சிறிய கவலை. 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் எச்டி 650இல் வெறும் 3 டெசிபலாகவே ஒலிக்கும். எந்த அறையிலும் அது கேட்காது. அதே இரைச்சல், வோல்ட்டுக்கு 130 டெசிபல் தரும் உணர்திறன் மிக்க இயர்போனில் 30 டெசிபலாகி, அமைதியான அறையில் சீறலாகத் தெரியும். இரண்டு வகையையும் ஒரே கருவியில் கேட்பவர் மட்டும் இரைச்சல் எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும்.

டிஏசியில் உண்மையில் பார்க்க வேண்டியவை இணைப்பு தொடர்பானவை. ஆர்சிஏ வெளியீடு 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் வெளியீடு 4 வோல்ட் என்பது வழக்கமான அளவு. 2 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட் வர வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையருக்கு 14 டெசிபல் கெயின் வேண்டும்; அது இல்லாவிட்டால், எவ்வளவு திறன் இருந்தாலும் அதை எட்ட முடியாது. விண்டோஸ் பயன்படுத்துபவர்கள், யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற இசை அனுப்பும் முறையைத் தனி டிரைவர் இன்றி ஏற்கும் வசதி விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில் வந்தது என்பதை நினைவில் வைத்து, பழைய கணினி என்றால் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேசைக் கணினியோடு யுஎஸ்பியில் இணைக்கும்போது, தரை இணைப்புகள் வளையமாகச் சேரும் தரைச் சுழற்சியால் ரீங்காரம் வந்தால், ஆப்டிகல் உள்ளீடு அதைத் துண்டித்துவிடும். ஒளியில் மின்தொடர்பு இல்லை. ஆப்டிகல் துளை உள்ள டிஏசிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது அதனால்தான் தகும்.

டிஏசியும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் உள்ளதை வாங்கலாமா என்று கேட்டால், பெரும்பாலோருக்கு அதுவே சரி என்பேன். கேபிள் குறையும், கெயின் பொருத்தம் தயாரிப்பாளரின் பொறுப்பாகிவிடும். மிகக் கடினமான பிளேனாருக்கு மட்டும் தனித்தனியாக வாங்குவது நல்லது. பின்னாளில் ஆம்ப்ளிஃபையரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

8. செலவை முழுமையாகக் கூட்டுங்கள்

ஹெட்போன் விலையில் இத்தனை பங்கை ஆம்ப்ளிஃபையருக்கு ஒதுக்க வேண்டும் என்ற அறிவுரைகளை ஒதுக்கிவிடுங்கள். தேவையை நிர்ணயிப்பது விலை அல்ல, 2ஆம் படியில் நீங்கள் போட்ட கணக்கு. உணர்திறன் மிக்க விலை உயர்ந்த ஹெட்போனுக்கு எளிய டாங்கிள் போதலாம். விலை குறைந்தாலும் உணர்திறன் குன்றிய பிளேனாருக்கு வலுவான கருவி வேண்டியிருக்கலாம்.

கருவியின் விலையோடு இணைப்புக் கேபிள், 6.35 மில்லிமீட்டர் அடாப்டர், மின் அடாப்டர், அனுப்பும் கட்டணம், வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதி வரி, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். மின் அடாப்டரில் தனிக் கவனம் வேண்டும். சில ஆம்ப்ளிஃபையர்களுக்கு நேர்மின்னோட்டம் அல்லாமல் மாறுமின்னோட்டம் தரும் அடாப்டர் தேவை. பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைச் செருகிவிடாதீர்கள். சுவர் மின்சாரம் 115 வோல்ட்டா 230 வோல்ட்டா என்ற தேர்வு கருவியின் பின்புறம் இருந்தால், செருகும் முன் பார்த்துவிடுங்கள். பழைய கருவி வாங்குவதாக இருந்தால், சுவர் மின்சாரத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரைத் துணிந்து வாங்கலாம். பேட்டரி உள்ள கையடக்கக் கருவியைப் பழையதாக வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

9. வந்தவுடன் திருப்பி அனுப்பும் காலத்துக்குள் சோதியுங்கள்

எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், அந்தக் கணக்கு ஆணையிட்ட நாளிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் பார்த்து வையுங்கள். ரசீது, உத்தரவாத அட்டை, தொடர் எண்ணின் படம், பெட்டி, உள்ளிருந்த நுரைப் பொதிகள் அனைத்தையும் அந்தக் காலம் முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி சீராகும் என்று விற்பவர் சொன்னால், அந்தக் காத்திருப்பில் திருப்பி அனுப்பும் காலம் கழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

முதல் நாளே, ஹெட்போனைச் செருகாமல் கருவியை இயக்கி, மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த நிலையில் வைத்து வெளியீட்டை அளவிடுங்கள். சில மில்லிவோல்ட் இருப்பது இயல்பு. 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஹெட்போனைச் செருகாமலேயே திருப்பி அனுப்புங்கள். அடுத்து, ஒலியளவைக் குறைந்த நிலையிலிருந்து மெல்ல உயர்த்தி, இடமும் வலமும் சமமாக வருகின்றனவா என்று கேளுங்கள். சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர் (ஒலியளவுக் குமிழோடு திரும்பும் மாறு மின்தடை) உள்ள கருவிகளில் தொடக்கத் திருப்பத்தில் சிறிது சாய்வு இருப்பது வழக்கம். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையிலும் அது தொடர்ந்தால் குறைபாடு என்றே கொள்ள வேண்டும். இயக்கும்போதும் நிறுத்தும்போதும் டப் என்ற ஓசை வரும் கருவிகளில், அவ்விரு நேரங்களிலும் ஹெட்போனைக் கழற்றி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய கருவியோடு ஒப்பிடும்போது இரண்டின் மின்னழுத்தத்தையும் 60 ஹெர்ட்ஸ் அலையில் அளந்து சமமாக்குங்கள். 0.1 டெசிபல் துல்லியம் வேண்டுமானால் இரு எண்களுக்கும் இடையே 1 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் கருவி, சத்தம் கூடியதாகத் தோன்றாமல் தெளிவும் விரிவும் மிக்கதாகவே தோன்றும். அளந்து சமமாக்காமல் செய்த ஒப்பீட்டில் பெரும்பாலும் அதுவே வெல்லும். முடிந்தால் எந்தக் கருவி ஒலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரை மாற்றி இணைக்கச் சொல்லுங்கள். பிறகு உங்களிடம் உள்ளவற்றில் மிகக் குறைந்த சத்தத்தில் பதிவான இசையை ஈக்வலைசருடன் போட்டு, அதன் உச்சப் பகுதியில் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். கரகரப்பும் இன்றி, குமிழிலும் இடம் மிச்சமிருந்தால் கருவியை வைத்துக்கொள்ளலாம். சமப்படுத்திய பின் பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு தெரியவில்லை, பழையதிலும் ஒலியளவு போதுமானதாகவே இருக்கிறது என்றால், காலம் முடிவதற்குள் புதியதைத் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.